குரோமை விட்டு உலாவுக்கு மாறலாமா?

2025 செப்டம்பர் கடைசியில அரட்டை செயலியை ஊரே இறக்கிக்கிட்டு இருந்தப்ப, கூடவே ஒரு கேள்வியும் சுத்த ஆரம்பிச்சது. "உலா போட்டாச்சா?" ஆபீஸ்ல கேட்டாங்க, டீக்கடையில கேட்டாங்க, ஒரு கல்யாணப் பந்தியில ரசத்துக்குக் காத்திருந்த கேப்புல பக்கத்து இலைக்காரர் கேட்டார். உலாங்கறது சோஹோவோட உலாவி. 2023 மே மாசமே வந்தாச்சு. ஆனா அரட்டை புண்ணியத்துலதான் இப்படி ஒண்ணு இருக்கறதே பல பேருக்குத் தெரிஞ்சது. குரோமைத் தூக்கிட்டு அதுக்கு மாறலாமா வேண்டாமான்னு அன்னையிலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ கிளாஸோட உக்காருங்க :-)

எங்க பக்கம் இந்தக் கேள்விக்கு வேகம் ஜாஸ்தி. நான் ஆலங்குளத்துக்காரன். (தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்ல சாமி. விருதுநகர் மாவட்டம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கற ஆலங்குளம். யார்கிட்ட ஊர்ப் பேரு சொன்னாலும் இதையும் சேத்துச் சொல்ல வேண்டியிருக்கு.) ராஜபாளையத்துல பஸ் ஏறி சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்னு போனா தென்காசி. அதுக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில உக்காந்துக்கிட்டு உலகத்துக்கே சாஃப்ட்வேர் விக்கறாங்கன்னா நமக்குப் பெருமை வரத்தான் செய்யும். "நம்ம பக்கத்து ஆளுக செஞ்சது அண்ணாச்சி, அதுக்காகவே போடலாம்ல?"ன்னு கூட வேலை பாக்கற பையன் கேக்கறான்.

பெருமை சரி. ஆனா உலாவிங்கறது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இல்ல, ஊர்ப் பேரைப் பாத்து வாங்கறதுக்கு. பால்கோவா சரியில்லன்னா ஒரு பொட்டலத்தோட போச்சு. பேங்க் கணக்கு, ஆதார், புள்ளைங்க பரிட்சை ரிசல்ட், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம எந்த வியாதியைப் பத்தித் தேடிப் படிச்சோம்ங்கறது வரைக்கும் உலாவி வழியாத்தான் போகுது. பொண்டாட்டிக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்.

நம்ம பழைய பதிவர் கூட்டத்துக்கு உலாவி மாத்தறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அன்னைக்கு மாறினதுக்குக் காரணம் வேற. தமிழ் தெரியுதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

2001ல வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6தான் அப்ப எல்லா நெட் சென்டர்லயும். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒண்ணுக்கு இறக்கி வச்சது இன்னொண்ணுக்கு உதவாது. டைனமிக் ஃபான்ட்னு ஒண்ணு வச்சு சில தளங்கள் சமாளிச்சாங்க, அது எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் வேலை செய்யும். 2004 நவம்பர் 9ல ஃபயர்பாக்ஸ் 1.0 வந்துச்சு. நம்ம ஆளுங்க உடனே 'நெருப்பு நரி'ன்னு பேரு வச்சுக் கொண்டாடினாங்க. டேப்ல பக்கங்களைத் திறக்கலாம், பாப்அப் தொல்லை கிடையாதுன்னு ஆயிரம் சௌகரியம். ஆனா பத்தியை ரெண்டு பக்கமும் இழுத்து ஜஸ்டிஃபை பண்ணி வச்சவர் பதிவைத் திறந்தா போச்சு. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி தனியா ஒரு பக்கம். "ஐயா, இடது பக்கமா மட்டும் ஒழுங்கு பண்ணுங்க, நரியில படிக்க முடியல"ன்னு எத்தனை பேர்கிட்ட கெஞ்சியிருக்கோம்! 2008ல மூணாவது பதிப்பு வந்துதான் அந்தத் தலைவலி தீந்தது. ஆனா நரியில 'பத்மா'ன்னு ஒரு நீட்சி போட்டா, பழைய எழுத்துருவுல இருக்கற பத்திரிகைத் தளத்தையும் ஒருங்குறிக்கு மாத்திக் காட்டும். 'தமிழ்விசை' போட்டா உலாவிக்குள்ளயே தமிழ் அடிக்கலாம், நெட் சென்டர்காரர்கிட்ட எ-கலப்பை நிறுவச் சொல்லி நிக்க வேண்டாம். இதுக்காகத்தான் நான் நரிக்குப் போனேன்.

போன்ல ஓபரா மினி கதை இதவிட சுவாரசியம். சின்ன நோக்கியா போன்ல தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். முகவரி அடிக்கற இடத்துல 'ஓபரா கான்ஃபிக்'னு அடிச்சு, கடைசியில இருக்கற 'சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப்' வசதியை 'ஆமாம்'னு மாத்தினா, அவங்க செர்வரே தமிழைப் படமா வரைஞ்சு அனுப்பிரும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்கறப்ப அந்தப் பொடி ஸ்கிரீன்ல எத்தனை பதிவு படிச்சிருக்கேன்!

இதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றேன்னா, இன்னைக்கு அந்தக் காரணம் ஒண்ணுமே இல்ல. எந்த உலாவியில திறந்தாலும் தமிழ் கண்ணாடி மாதிரி தெரியுது. அப்ப எதைப் பாத்து மாறறது? கண்ணுக்குத் தெரியாத ரெண்டு விஷயத்தைப் பாத்து. உள்ள ஓடற எஞ்சின் யாரோடது, நாம போற வர்ற கணக்கை வச்சு யார் சம்பாதிக்கறாங்க.

எஞ்சின் கதை ரொம்பச் சின்னது. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் போன்ல வர்ற உலாவி எல்லாத்துக்கும் அடியில இருக்கறது கூகுள் முன்னின்று நடத்தற குரோமியம். ஓபரா 2013ல சொந்த எஞ்சினைக் கைவிட்டுச்சு. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில எட்ஜை குரோமியத்துக்கு மாத்திக்கிச்சு. எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15ல அதிகாரப்பூர்வமா கண்ணை மூடினப்ப யாரும் அழல. இன்னைக்கு மிச்சம் இருக்கற வேற எஞ்சின் ரெண்டுதான்: ஆப்பிளோட வெப்கிட், ஃபயர்பாக்ஸோட கெக்கோ. நம்ம உலாவும் குரோமியம்தான்.

அதாவது குரோம்லேர்ந்து உலாவுக்குப் போறது வீடு மாறறது இல்ல, அதே வீட்டுல வாடகையை வேற ஆள்கிட்டக் கொடுக்கறது. இதைக் குறைன்னு மட்டும் பாக்க வேண்டாம். குரோம்ல ஓடற எல்லாத் தளமும் உலாவுலயும் ஓடும், குரோம் நீட்சிகளும் வேலை செய்யும், பழக்கம் மாறாது. வயசானவங்களுக்கு இது பெரிய விஷயம். பட்டன் இடம் மாறினாலே போனைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருவாங்க. ஆனா "கூகுளுக்கு மாற்று"ன்னு சொல்றப்ப கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். இணையப் பக்கங்கள் எப்படி இயங்கணும்ங்கற விதியில பெரும்பங்கு இன்னும் அங்கதான் முடிவாகுது.

ரெண்டாவது விஷயம், சம்பாத்தியம். இங்கதான் குரோமை விடணும்னு நான் உறுதியா நிக்கறேன். கூகுள் நமக்கு நல்லது நிறைய செஞ்சிருக்கு, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். பிளாக்கரைச் சும்மா கொடுத்து நம்மளை எழுத வச்சதே அவங்கதான். ஆனா அவங்க தொழில் விளம்பரம். விளம்பரக் கம்பெனி செஞ்ச உலாவியில விளம்பரத்தை எவ்வளவு தூரம் தடுக்க விடுவாங்க? மூன்றாம் தரப்பு குக்கிகளை, அதாவது ஒரு தளத்துல பாத்த செருப்பு அடுத்த பத்து தளத்துலயும் நம்மளைத் துரத்துதே அதுக்குக் காரணமான சமாச்சாரத்தை, ஒழிக்கப் போறதா 2020ல அறிவிச்சாங்க. தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில அந்தத் திட்டத்தையே கைவிட்டாங்க. சஃபாரி 2020லயே அதைத் தடுத்தாச்சு. ஃபயர்பாக்ஸ் 2022லேர்ந்து ஒவ்வொரு தளத்துக் குக்கியையும் தனித்தனி ஜாடியில பூட்டி வைக்குது. அடுத்து, மறைநிலை சன்னல். அதுலயும் தகவல் சேத்தாங்கன்னு 2020ல அமெரிக்காவுல போட்ட வழக்கு 2024ல சமரசத்துல முடிஞ்சப்ப, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒத்துக்கிச்சு. மூணாவது, யுபிளாக் ஆரிஜின். விளம்பரத் தடுப்பான்கள்லயே கெட்டிக்காரப் பிள்ளை அது. நீட்சிகளுக்கான விதியை மாத்தினதால 2024 கடைசியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா குரோம்ல அது முடக்கப்பட்டு, 2025ல முழுசா வெளியேறியாச்சு. அதோட 'லைட்' தம்பி மட்டும் இருக்கான். அவனால முடிஞ்சதைச் செய்யறான் பாவம்.

பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம்னு கூகுள் சொல்ற காரணத்துல கொஞ்சம் நியாயம் இல்லாமலும் இல்ல. பழைய முறையில ஒரு நீட்சிக்கு நாம போற எல்லாப் பக்கத்தையும் படிக்கற அதிகாரம் கொடுத்துட்டு இருந்தோம். கெட்ட நீட்சிகள் அதை நல்லாவே பயன்படுத்திக்கிச்சுங்க. ஆனா விளைவு என்ன? உலகத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் பயன்படுத்தற உலாவியில நல்ல தடுப்பான் போச்சு, விளம்பரம் இருக்கு.

தடுப்பான்னு சொன்னதும், "விளம்பரம் வந்தா வந்துட்டுப் போகுது, நான் என்ன வாங்கவா போறேன்"னு நீங்க நினைக்கலாம். எங்க தெருவுல சிமெண்ட் ஆலையில ரிட்டயர் ஆன ஒரு சித்தப்பா இருக்கார். சீரியல் பாக்க ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கார். 'அனுமதி' அழுத்தினாத்தான் படம் ஓடும்னு ஒரு பெட்டி வந்திருக்கு. அழுத்திட்டார். அன்னையிலேர்ந்து போன்ல நிமிஷத்துக்கு ஒரு அறிவிப்பு. உங்க போன்ல வைரஸ், உங்களுக்குப் பரிசு, உங்க பேங்க் கேஒய்சி காலாவதி. வைரஸையும் பரிசையும் மனுஷன் கண்டுக்கல. கேஒய்சிதான் பென்ஷன் நின்னுருமோன்னு பயம் காட்டிருச்சு. அதைத் தொட்டார், வந்த நம்பருக்குப் போன் போட்டார், அவன் சொன்ன செயலியை இறக்கினார், போன் ஸ்கிரீன் முழுக்க அவன் பாக்கற மாதிரி ஆச்சு. 42,000 ரூபா. சித்தி நகைச்சீட்டு முடிஞ்சு வந்து கணக்குல கிடந்த காசு. "தம்பி, என் போன்லேயே தானே வந்துச்சு, அது எப்படிப் பொய்யா இருக்கும்?"னு என்கிட்ட கேட்டார். 1930க்கு மறுநாள்தான் கூப்பிட்டோம். அதுக்குள்ள காசு நாலு கணக்கு தாண்டியிருந்தது.

எந்த உலாவி இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஏமாத்தறவன் வாட்ஸப்லயும் வருவான், வாசக்கதவுலயும் வருவான். ஆனா அந்த முதல் பெட்டி, அந்த அறிவிப்பு, ரெண்டும் உலாவி வழியா வந்தது. அறிவிப்புக் கேக்கறதையே மொத்தமா நிறுத்தற வசதி எல்லா உலாவியிலயும் இருக்கு, குரோம்லயும்தான். அமைப்புகளுக்குள்ள நாலு தட்டு தட்டிப் போகணும். எந்தச் சித்தப்பா போவார்? அதனால எனக்கு அளவுகோல் இதுதான்: ஒண்ணும் மாத்தாம அப்படியே வச்சிருக்கற ஆளுக்கு எந்த உலாவி குறைவா கெடுதல் செய்யும்?

அந்தக் கணக்குல உலாவுக்கு நல்ல மார்க் விழுது. விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் தடுக்கற வசதி உள்ளேயே வருது, நீட்சி தேடி அலைய வேண்டாம். சோஹோ சம்பாதிக்கறது சாஃப்ட்வேர் சந்தாவுல. 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு 2009ல சோஹோன்னு பேரு மாத்தின காலத்துலேர்ந்தே கம்பெனிகளுக்கு விக்கறதுதான் அவங்க பொழப்பு. உலாவுலயும் கம்பெனிகளுக்கான பதிப்பைக் காசுக்கு விக்கறாங்க. நம்மளைத் துரத்தி விளம்பரம் காட்ட வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்ல. வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, குழந்தைகளுக்கு ஒண்ணுன்னு தனித்தனி பயன்முறைகள் வேற. என்னை மாதிரி சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனி கணக்கையும் பையனோட கார்ட்டூனையும் ஒரே லேப்டாப்புல ஓட்டறவனுக்கு அது நிஜமாவே உதவுது.

சரி, குறைகளுக்கு வருவோம். ஒண்ணு, பாதுகாப்பு ஓட்டை அடைக்கற வேகம். குரோமியத்துல ஓட்டை கண்டுபிடிச்சா முதல்ல குரோமுக்கு அடைப்பாங்க. அதை எடுத்து, சோதிச்சு, தன் பதிப்புல சேத்து வெளியிடறதுக்குச் சின்னக் கம்பெனிக்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியில ஓட்டை எங்கன்னு ஊருக்கே தெரியும். இது உலாவுக்கு மட்டும் இல்ல, குரோமியத்தை வாங்கிப் பேரு மாத்தற எல்லாருக்கும் உள்ள சாபம். உலா போட்டவங்க 'அப்புறம் புதுப்பிக்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணுதான் எனக்கு நிஜமா உறுத்துது. மத்திய அரசு 2023 ஆகஸ்டுல இந்திய உலாவி உருவாக்கும் போட்டி ஒண்ணு அறிவிச்சது. 2025 மார்ச்சுல முடிவு வந்து சோஹோ முதலிடம், பரிசு ஒரு கோடி ரூபா. வாழ்த்துகள், கைதட்டல் எல்லாம் சரி. அந்தப் போட்டியோட எதிர்பார்ப்புகள்ல ஒண்ணு, இந்திய அரசோட மூலச் சான்றிதழை உலாவியே நம்பற மாதிரி உள்ள வச்சிருக்கணும்ங்கறது. இது என்னன்னு கேக்கறவங்களுக்கு: தளத்து முகவரி பக்கத்துல பூட்டுப் படம் தெரியுதே, அது வருமானச் சான்றிதழ்ல தாசில்தார் கையெழுத்து மாதிரி. இந்தத் தளம் நிஜமான தளம்தான்னு ஒருத்தர் கையெழுத்துப் போடுறார். யார் யார் கையெழுத்தை நம்பறதுங்கற பட்டியல் உலாவிக்குள்ள இருக்கு. அந்தப் பட்டியல்ல இருக்கறவர் தப்பாக் கையெழுத்துப் போட்டா, போலித் தளமும் பூட்டோட வந்து நிக்கும்.

அரசாங்கம் சொந்தச் சான்றிதழ் கேக்கறது தப்பு இல்ல. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நினைச்சா நம்ம அரசுத் தளத்தோட பூட்டையே செல்லாம பண்ணலாம்ங்கற நிலைமை எந்த நாட்டுக்கும் பிடிக்காது. ஆனா 2014 ஜூலையில நடந்ததையும் மறக்கக் கூடாது. தேசிய தகவலியல் மையத்தோட சான்றிதழ் பிரிவுலேர்ந்து கூகுள் முகவரிகளுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சான்றிதழ்களை ரத்து பண்ணி, இந்தியச் சான்றிதழ்களை அரசு முகவரிகள் மாதிரி ஒரு சிலதுக்கு மட்டும்தான் நம்புவோம்னு குரோம்ல கட்டுப்பாடு போட்டாங்க. ஃபயர்பாக்ஸ் தப்பிச்சுது, அதோட பட்டியல்ல அந்த மூலச் சான்றிதழ் இல்லவே இல்ல. 2019ல கஜகஸ்தான் அரசு மக்கள் எல்லாரும் தன் சான்றிதழை உலாவியில போட்டே ஆகணும்னு சொல்லி, போற வர்ற போக்குவரத்தையே பிரிச்சுப் படிக்கப் பாத்தது. கூகுள், மோசில்லா, ஆப்பிள் மூணும் சேந்து அதைத் தடுத்தாங்க. இங்க அப்படி நடக்குதுன்னு நான் சொல்லல. ஆனா மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரோட மெயிலே சோஹோ தளத்துல இருக்கறதா 2025ல செய்தி வந்தது. அரசுக்கு இவ்வளவு நெருக்கமான கம்பெனி, நான் யாரை நம்பணும்னு முடிவு பண்ற பட்டியலை வச்சிருக்குன்னா, அந்தப் பட்டியல் பொதுவுல இருக்கணும், மாத்தினா சொல்லிட்டு மாத்தணும்னு கேக்க எனக்கு உரிமை இருக்கு. மோசில்லா அந்த விவாதத்தையே பொதுவுலதான் நடத்தறாங்க, யார் வேணாலும் போய்ப் படிக்கலாம். ஊர்க்காரங்கங்கறதால கேக்காம விடறது ஊருக்குச் செய்யற நன்மை இல்ல.

'உள்நாட்டு உலாவி'ன்னு நாம பாக்கற முதல் படமும் இது இல்லை. 2010 ஜூலையில பெங்களூர்லேர்ந்து 'எபிக்'னு ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஃபயர்பாக்ஸ் நிரலை வச்சு, இந்திய மொழிகள்ல தட்டச்சு வசதியோட, மயில் கலர்ல தீம் எல்லாம் போட்டு. கொஞ்ச நாள் அதைப் பத்தி எழுதாத பதிவரே இல்ல. 2013ல குரோமியத்துக்கு மாறி, அந்தரங்கம் காக்கற உலாவின்னு வேற அவதாரம் எடுத்துச்சு. நம்ம ஊர்ல போட்டவங்க யாரும் வச்சிருக்கலை. அதே சமயம் யாரும் சுதேசின்னு சொல்லாமலே ஜெயிச்சது யூசி பிரவுசர். அலிபாபா வசம் இருந்தது. டேட்டாவைச் சுருக்கிக் கொடுத்ததால இந்திய போன்கள்ல ஒரு காலத்துல குரோமையே முந்தி நின்னுச்சு. பயனர் தகவல் கசியுதுன்னு 2015லயே கனடாவின் சிட்டிசன் லேப் அறிக்கை விட்டாங்க. எங்க பக்கம் அதை யார் படிச்சா? 2020 ஜூன் 29ல 59 சீனச் செயலிகளோட அதையும் தடை பண்ணினப்பதான் போன்லேர்ந்து போச்சு. நாட்டுப் பேரை மட்டும் பாத்து அதை விரட்டினோம், அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்கறது கடைசி வரைக்கும் பேச்சுல வரவே இல்ல. அதே மாதிரி நாட்டுப் பேரை மட்டும் பாத்து இப்ப உலாவை உள்ள விட்டா, அப்பவும் இப்பவும் நாம ஒரே ஆளுதான்.

அப்ப நெருப்பு நரிக்கே திரும்பிடலாமேன்னா, மனசு அங்கதான் இழுக்குது. தனி எஞ்சின். யுபிளாக் ஆரிஜின் முழு பலத்தோட ஓடுது. 2023 டிசம்பர்லேர்ந்து ஆண்ட்ராய்டு போன்லயும் நீட்சிகளைத் தாராளமா போட்டுக்கலாம். மெனு தமிழ்ல வரும், அதுக்குப் பின்னால தன்னார்வலர்கள் உழைப்பு இருக்கு. ஆனா நரியும் துறவி இல்ல. மோசில்லாவோட வருமானத்துல பெரும்பகுதி, கூகுளை முதன்மைத் தேடலா வைக்கறதுக்குக் கூகுளே கொடுக்கற காசு. தேடல் ஏகபோக வழக்குல கூகுள் சட்டத்தை மீறிருச்சுன்னு அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டுல தீர்ப்புச் சொன்னப்ப, குரோமை விக்கச் சொல்வாங்களான்னு உலகமே பாத்துச்சு. மோசில்லாவுக்கோ அந்தக் காசு நின்னுருமோன்னு வயித்துல புளி. 2025 செப்டம்பர்ல ரெண்டும் நடக்கல. குரோம் கூகுள்கிட்டயே இருக்கு, காசு கொடுக்கறதுக்கும் முழுத் தடை இல்ல. அதே வருஷம் பிப்ரவரியில, 'உங்க தகவலை விக்கவே மாட்டோம்'ங்கற பழைய வாக்குறுதியை நரி தன் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டு, திட்டு வாங்கினதும் விளக்கம் கொடுத்து விதியைத் திருத்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. போதாக்குறைக்கு சில தளங்கள் நரியில மக்கர் பண்ணுது. வேலை விஷயமா நான் போற ஒரு தளம் "குரோமில் திறக்கவும்"னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி "எக்ஸ்ப்ளோரர் 6ல் சிறப்பாகத் தெரியும்"னு போட்டு வச்சவங்களோட வாரிசா இருக்கும்.

ஆனாலும் அந்த "குரோமில் திறக்கவும்"தான் நான் நரியை விடாததுக்கே காரணம். எக்ஸ்ப்ளோரர் மட்டுமே இருந்த காலத்துல நமக்குத் தமிழ் ஒழுங்காக் கிடைச்சதா? போட்டின்னு ஒருத்தன் வந்து, எல்லாரும் ஒரே தர விதிக்கு இறங்கி வந்த பிறகுதான கிடைச்சது. எல்லா வீட்டுக்கும் ஒரே எஞ்சின்னு ஆயிட்டா, அது தப்பாக் காட்டினாலும் அதுதான் சரின்னு ஆயிரும்.

அதனால எங்க வீட்டு ஏற்பாடு இப்படி. என் லேப்டாப்புல முதன்மை உலாவி நெருப்பு நரி, யுபிளாக்கோட. அதுல மக்கர் பண்ற தளத்துக்கும் ஆபீஸ் கணக்குக்கும் உலா. சித்தப்பா போன்லயும் எங்க அம்மா போன்லயும் உலாவை இயல்பு உலாவியா மாத்திட்டேன். ரெண்டு பேருக்கும் பழகின முகம், விளம்பரம் குறைவு, அறிவிப்புக் கேக்கறதை நானே நிறுத்திக் கொடுத்தாச்சு. "எல்லாம் அப்படியேதான இருக்கு, நீ என்னத்த மாத்தின?"ன்னு சித்தப்பா சந்தேகமா பாத்தார். ஆண்ட்ராய்டுல குரோமை முழுசா நீக்க விடாது, முடக்கி மட்டும் வைக்கலாம். முடக்கிட்டேன். அதுல ஒரு இழப்பு, ஆங்கிலப் பக்கத்தை ஒரே தட்டுல தமிழ்ல மாத்திக் காட்டற வசதி குரோம்ல அருமையா இருந்துச்சு. அம்மா மருந்துப் பேரு தேடிட்டு அதை நம்பித்தான் படிப்பாங்க. இப்ப மொழிபெயர்ப்புச் செயலியைத் தனியா காட்டிக் கொடுத்திருக்கேன், முணுமுணுத்துக்கிட்டே பயன்படுத்தறாங்க. ஐபோன்காரங்க ரொம்ப அலட்டிக்க வேண்டாம். இங்க அதுல எந்த உலாவி போட்டாலும் உள்ள ஓடறது வெப்கிட்தான்.

மாறப் போறவங்களுக்கு ஒரு விஷயம். குரோம்ல சேமிச்சு வச்ச கடவுச்சொற்களை ஏற்றுமதி பண்ணினா ஒரு கோப்பு வரும். அதுல உங்க பேங்க் கடவுச்சொல்லு உட்பட எல்லாம் பச்சையா, யார் திறந்தாலும் படிக்கற மாதிரி இருக்கும். புது உலாவியில ஏத்தினதும் அதை அழிச்சிருங்க. குப்பைத் தொட்டியிலேர்ந்தும் அழிங்க. நெட் சென்டர்லயோ ஆபீஸ் பொட்டியிலயோ உக்காந்து இந்த வேலையைப் பண்ணவே பண்ணாதீங்க.

டிஸ்கி: சோஹோவுல எனக்கு மாமன் மச்சான் யாரும் வேலை பாக்கல. மோசில்லாவுல பாக்க வாய்ப்பே இல்ல :-))